குதிகாலால் தூக்க வேண்டும்

உங்கள் மேசையில் இருக்கும் ஸ்டேப்ளரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மேடம். அதனால்தான் பின் பாதி வழியில் மடங்குகிறது. நம் கையில்தான் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கி அழுத்துவோம்; அது இன்னும் மோசமாக மடங்கும். இப்படிக் கொடுங்கள், பேசிக்கொண்டே பார்க்கிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

ஸ்டேஷன் ரைட்டர் ஜெயப்பிரகாஷ் சார் எழுதிக்கொள்ளட்டும். நிதானமாகவே சொல்கிறேன். யாரும் என்னைக் கூட்டிவரவில்லை. வடக்குத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து நானே வந்தேன். நான்கு மாதத்துக்கு முன் எங்கள் ஷெட்டில் சூப்பர்வைசர் மணிமாறன் லோடருக்கு அடியில் சிக்கி இறந்தார். ஓட்டிய தனகோட்டி மேல் கவனக்குறைவு என்று வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த வழக்கில் ஒரு தவறு இருக்கிறது. நான் தனகோட்டிக்காகத்தான் வந்திருக்கிறேன். இதை முதல் வரியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டால் பிடித்துப்போகும்.

மைன்ஸில் வெட்டிய நிலக்கரி பெல்ட்டில் மைல் கணக்கில் போகிறது. ஈரமான கரி பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு, வெறும் பெல்ட் திரும்பி வரும் வழியில் கீழே உதிரும். மழைக்காலத்தில் ஒரு வாரம் அள்ளாமல் விட்டால் குவியல் பெல்ட்டையே தொட்டுவிடும். பெரிய வண்டி எதுவும் அதற்கு அடியில் நுழைய முடியாது. அதற்காக ஒரு சின்ன லோடர் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் குட்டி லோடர் என்போம். ஸ்டீயரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரம் முன்னாலும் மறு பக்கச் சக்கரம் பின்னாலும் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். ஓட்டுகிறவரின் இரண்டு கைகளும் சக்கரங்களுக்கு. கால்கள்தான் வண்டியின் கைக்கு. முன்னால் பக்கெட்டைத் தாங்கி நிற்கும் இரண்டு இரும்புக் கரங்களையும் சேர்த்துத்தான் கை என்கிறேன். ஆள் காலை அசைத்தால் வண்டி கையைத் தூக்கும். முப்பத்தொரு வருடம் பார்த்த பிறகும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இடது பெடல் கைக்கு. குதிகாலால் அழுத்தினால் கை மேலே போகும். நுனிக்காலால் அழுத்தினால் கீழே வரும். ஏன் அப்படி வைத்தார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். ஆள் பதறினால் முன்பக்கம் சாய்வான், நுனிக்கால் தானாக அழுந்தும், சுமை தரைக்கு வந்துவிடும். சுமை மேலே இருக்கும்போது பதறினால் வண்டி கவிழும். புத்தகத்தில் காரணம் போடவில்லை, நானாகப் புரிந்துகொண்டது. செய்தவன் யாரோ, மனிதனின் காலை நன்றாகக் கவனித்திருக்கிறான்.

இந்தப் பேனாவை சிலிண்டர் என்று வையுங்கள். உள்ளே ரீஃபில் இருக்கிறதே, அது கையைத் தள்ளும் தண்டு. பேனாவின் அடியில் எண்ணெயை விட்டால் தண்டு வெளியே வரும், கை உயரும். மேல் பக்கம் விட்டால் தண்டு உள்ளே போகும், கை இறங்கும். அடிக்கு ஒரு ஹோஸ், மேலுக்கு ஒரு ஹோஸ். எண்ணெயை எந்த ஹோஸில் அனுப்புவது என்று முடிவு செய்வது நடுவில் இருக்கும் வால்வு. அந்த வால்வைத்தான் பெடல் அசைக்கிறது. இரண்டு ஹோஸும் ஒரே அளவு, ஒரே மரை, ஒரே கறுப்பு. வால்வில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும். எண்ணெய்க்குக் கண் இல்லை. திறந்த வழியில் போகும்.

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் அந்த வால்வில் கசிவு வந்தது. நான்தான் கழற்றினேன். ரப்பர் வளையங்களை மாற்றி, திரும்ப மாட்டினேன். பழுது பார்த்த பிறகு ஹைட்ராலிக் வண்டி எடுத்தவுடனே ஒழுங்காக ஓடாது, மேடம். அதற்குப் பயப்படக் கூடாது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு குணம் உண்டு. பம்பு கீச்சென்று ஊளையிட்டால் உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். அங்கே ஒரு கிளிப் தளர்ந்திருக்கும். கை நடுங்கினால் ஹோஸுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. பெடலைப் பலமுறை அழுத்தி விட்டால் காற்று தொட்டிக்கு வந்து நுரையாக வெளியேறும். தூக்கி நிறுத்திய கை மெதுவாக இறங்கினால் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்திருக்கிறது. எண்ணெயில் கருகிய வாசனை வந்தால் எங்கோ அடைப்பு. பதறாமல் கேட்டால் வண்டியே எல்லாம் சொல்லிவிடும்.

அன்றைக்கும் முதலில் பம்பு ஊளையிட்டது. கிளிப்பை அரைச் சுற்று முறுக்கினேன், நின்றது. தனகோட்டி சீட்டில் உட்கார்ந்து குதிகாலால் அழுத்தினான். கை லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். காற்று என்றேன். திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னேன். நான்காவது முறை அழுத்தியபோது, உயர வேண்டிய கை தரையை ஊன்றி அழுத்தியது. வண்டியின் முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் எழுந்து நின்றன. குதிரை முன்னங்கால் தூக்கி நிற்குமே, அப்படி.

ஷெட்டில் ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் சிரித்தார்கள்.

மணிமாறன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, கையைத் தூக்கச் சொன்னா வண்டியவே தூக்கிப்புட்டீங்களே. ராக்கெட்டா வுடப் போறீங்களா?"

இரண்டு ஹோஸும் மாறிவிட்டன என்று எனக்கு உடனே தெரிந்தது. திரும்பக் கழற்றுகிறேன் என்றேன்.

"இன்னும் ரெண்டு மணி நேரமா? பெல்ட்டுக்கு அடில மல மாதிரி குமிஞ்சி கெடக்குண்ணே. இதுவும் வேலைதான் செய்யுது. மேல கீழ, கீழ மேல, அவ்ளோதான? டேய் தனகோட்டி, மாத்தி மிதிச்சி ஓட்டுடா."

"கொழம்பிடும் சார்."

"ரெண்டு நாள்ல பழகிப்பூடும். நீ இன்னா ஏரோப்ளேனா ஓட்டற?"

வெள்ளை பெயின்ட் எடுத்துவந்து பெடலின் நுனியில் மேல் நோக்கி ஓர் அம்பும், குதிகால் பக்கம் கீழ் நோக்கி ஓர் அம்பும் மணிமாறனே வரைந்தார். நன்றாகத்தான் வரைந்தார். பிறகு வண்டி கிளம்பிவிட்டது.

ஹோஸ் எப்படி மாறியது என்று கேட்கிறீர்கள். கழற்றும்போது தூக்கும் ஹோஸில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவைப்பது என் வழக்கம். முப்பத்தொரு வருடமும் கட்டியிருக்கிறேன். அன்றைக்கும் கட்டினேன். மாட்டும்போது துணி இல்லை. நினைவை நம்பி மாட்டினேன். சாயந்தரம் மணிமாறன் கை துடைத்துக்கொண்டிருந்த துணி சிவப்பாக இருந்தது. அவர் எடுத்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். பார்க்காததைச் சொல்வது எனக்குப் பிடிக்காது. துணி அவர் கையில் இருந்தது. அவ்வளவுதான் எழுதுங்கள்.

தனகோட்டி இரண்டு நாளில் பழகவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. ஒரு நாள் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெருமையாகச் சொன்னான்: "காலு கத்துக்கிச்சிண்ணே. இப்ப நானே நெனச்சாகூட பழையபடி மிதிக்க வராது."

இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், மேடம். அப்போது நான் இதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது சரியான வாக்கியம். தலை மறந்துவிடும், கால் மறக்காது.

அடுத்த வாரம் தனகோட்டி தூக்கக் கலக்கத்தில் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தான். மணிமாறன் பார்த்துவிட்டு, "இன்னாடா, சட்டைய சைமனா மாட்டிக்கினு வந்துருக்க?" என்றார்.

என் பெயர் சைமன்ராஜ்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான். மணிமாறனுக்கு வாயில் சட்டென்று வரும். கெட்ட மனிதர் இல்லை. என் மனைவி ஆனி ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர் அவர். அவள் அடக்கத்தன்று கடைசி வரைக்கும் கூட நின்றவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவர் மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை.

ஒரு சொல் எப்படிப் பரவுகிறது என்று நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? அதுவும் எண்ணெய் மாதிரிதான். திறந்த வழியிலெல்லாம் போகும். முதலில் எங்கள் ஷெட்டில். டார்ச்சில் பேட்டரியை மாற்றிப் போட்டால் சைமன். லுங்கியின் கரை மேலே போனால் சைமன். பிறகு கேன்டீனில், மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மாஸ்டர் அப்படிச் சொன்னார். ஏப்ரலில் ஒரு நாள் பண்ருட்டியில் பஸ்ஸுக்கு நின்றேன். பலாப்பழம் ஏற்றிய வேன் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "பெருசு பெருசா எல்லாத்தயும் மேல அடுக்கி சைமனா ஏத்திருக்கான் பாரு" என்று ஒரு லோடுமேன் இன்னொருவரிடம் சொன்னார். அவர்களை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவர்களும் என்னைப் பார்த்ததில்லை.

முப்பத்தொரு வருடத்தில் நான் மாட்டிய ஹோஸ்களை எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும். எல்லாமே சரியான இடத்தில் போய்ச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஒரு சொல்லும் கிடையாது.

வண்டியைச் சரிசெய்துவிட்டால் பேச்சு தானாக அடங்கும் என்று நினைத்தேன். காரணம் இருக்கிறவரைதானே பெயர் இருக்கும்? மணிமாறனிடம் நான்கு முறை கேட்டேன். இரண்டு மணி நேரம் கொடுங்கள், கூலிகூட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன் என்றேன். கடைசியாகக் கேட்டபோது அவர் என் தோளில் கை போட்டார்.

"ஏன்ணே அதயே புடிச்சிக்கினு தொங்கறீங்க? பழகிட்டாங்க. வுடுங்க."

யார் பழகிவிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டில் எங்கள் வீட்டு மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. என் மகள் ஜெயசெல்வி பண்ருட்டியில் ஒரு முந்திரி ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிறாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வாசலிலேயே சொன்னாள்: "பிளம்பர் பைப்ப சைமனா மாட்டிட்டு போய்ட்டாம்ப்பா."

"இன்னாம்மா சொன்ன?"

"ஐயோ, உங்க பேர சொல்லலப்பா." சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்வாங்க. மைன்ஸ் பக்கம் யாரோ சைமன்னு ஒரு மெக்கானிக்காம். எதத் தொட்டாலும் தலகீழாதான் மாட்டுவாராம். உங்களுக்குத் தெரியுமாப்பா அந்த ஆள?"

"தெரியாதும்மா. வேற ஷெட்டா இருக்கும்."

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே வரும் பைப்பும் வெளியே போகும் பைப்பும் மாறியிருந்தன. மாற்றி மாட்டினேன். இருபது நிமிட வேலை. தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அன்றைக்கு எனக்கு அழுகையோ ஆத்திரமோ வந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒன்றும் வரவில்லை. கை மரத்துப்போனால் சுத்தியல் பட்டாலும் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது. தனகோட்டியின் காலைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அங்கே நின்றபோதுதான்.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி விட்டிருக்கிறேன். இன்னும் இந்த முனையை வளைக்க வேண்டும். உங்களிடம் குறடு இருக்காது. பரவாயில்லை, சாவியாலேயே வளைக்கலாம்.

அக்டோபரில் வண்டி எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற ஷெட்டுக்கு வந்தது. அரை நாள் என் கையில் இருக்கும். காலை எட்டரைக்கு வந்தது. தனகோட்டி டிபனுக்குக் கேன்டீன் போனான். இரண்டு ஹோஸையும் கழற்றி இடம் மாற்றினேன். இரண்டு மணி நேர வேலை என்று ஒன்பது மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பெடலில் இருந்த வெள்ளை அம்புகளை டீசல் போட்டுத் துடைத்தேன். போகவில்லை, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். பிறகு கையோடு கொஞ்சம் கிரீஸ் தடவினேன், தேய்த்த இடம் தெரியாமல்.

நானே சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து ஏற்றி இறக்கிப் பார்த்தேன். குதிகால், மேலே. நுனிக்கால், கீழே. காற்று போகிறவரை பத்துப் பதினைந்து முறை. அவ்வளவு அழகாக வேலை செய்தது, மேடம். நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை. புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படி. லாக் புத்தகத்தில் 'சோதித்தது, சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் பிறகு கைப்பற்றினீர்களே, அதேதான். அதில் ஒரு பொய்யும் இல்லை.

தூக்கிய கைக்கு அடியில் யாராவது போவதானால் தாங்கு கம்பி போட வேண்டும். சிவப்பு நிறத்தில் ஒரு கனமான இரும்புத் துண்டு. வெளியே நீண்ட சிலிண்டர் தண்டின் மேல் அதை உட்காரவைத்துவிட்டால், எண்ணெய் முழுக்க வடிந்தாலும், யார் எந்தப் பெடலை அழுத்தினாலும் கை இறங்க முடியாது. எளிமையான பொருள். இந்த வண்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான். கையை உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, அந்தக் கம்பியைப் போட்டேன்.

தனகோட்டி வந்தான். ஏறி உட்காரச் சொன்னேன். சீட்டில் ஆள் உட்கார்ந்து, மடியில் வரும் கம்பியை இறக்கினால்தான் பெடல் வேலை செய்யும்; பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் ஓர் ஆள் தேவை. ஸ்டார்ட் செய்தான்.

"ஹோஸை மாத்திட்டேன்" என்று அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவன் கேட்கவில்லை. எண்ணெய் மாற்றவே வண்டி வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான். எல்லா வண்டியும் வேலை செய்கிறபடி ஒரு வண்டி வேலை செய்கிறது என்பதை ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா? இப்படித்தான் நான்கு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

மணிமாறனைக் கூப்பிட்டேன். முன்னால், கைக்கு அடியில், ஒரு ஹோஸ் முனையில் எண்ணெய் ஈரம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். ஈரம் இருந்தது; காலையில் நான் மாற்றியபோது சிந்தியது. அவர் வந்தார். முதலில் தாங்கு கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். கவனமான ஆள்தான். அவர் கம்பி போடாமல் அடியில் போனார் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது தவறு. பார்த்துவிட்டுத்தான் குனிந்தார்.

"எங்கண்ணே? ஒண்ணும் தெரியலியே."

"இன்னும் கொஞ்சம் உள்ள பாருங்க தம்பி."

எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் இன்னும் உள்ளே போனார். நான் தாங்கு கம்பியை எடுத்தேன். கையைக் கொஞ்சம் கூடுதலாகவே உயர்த்தி வைத்திருந்ததால் அது தளர்வாக இருந்தது. சத்தம் இல்லாமல் வந்துவிட்டது. அதை டயர் மேல் வைத்தேன். நீங்கள் வந்து பார்த்தபோது டயர் மேல்தான் இருந்தது. யார் வைத்தது என்று என்னைக் கேட்கவே இல்லை.

"தெரியலண்ணே. இன்னொரு சாண் தூக்கச் சொல்லுங்க" என்றார் மணிமாறன்.

அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். நானே சொல்லியிருப்பேன்.

தனகோட்டியைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே காட்டினேன். தூக்கு என்பதற்கு எங்கள் ஷெட்டில் அதுதான் சைகை. அவன் தலையாட்டினான். ஒன்பது மாதமாகத் தூக்கியபடியே தூக்கினான். நுனிக்காலால்.

வண்டி சரியாக வேலை செய்தது.

கீழே வர இரண்டு விநாடி ஆகியிருக்கும். கூடவும் இருக்கலாம். தனகோட்டி பதறினான். பதறினால் ஆள் முன்னால் சாய்வான், நுனிக்கால் இன்னும் அழுந்தும் என்று முதலில் சொன்னேன் அல்லவா? அவன் கையை மேலே தூக்கத்தான் அழுத்திக்கொண்டே இருந்தான். "தூக்கறேன் சார், தூக்கறேன் சார்" என்று கத்தினான். நான் போய் எஞ்சினை நிறுத்தச் சொன்ன பிறகுதான் காலை எடுத்தான்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வண்டியைச் சோதிக்க வெளியிலிருந்து ஆள் வந்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். வண்டி தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது என்று தனகோட்டி சொன்னான். கோளாறான வண்டியை ஒன்பது மாதம் ஓட்டினோம் என்று ஒப்புக்கொள்ள, ஷெட்டை நடத்தும் ஒப்பந்தக்காரருக்கு என்ன பைத்தியமா? அப்படி எதுவும் இல்லை என்றார். கான்ட்ராக்ட் போய்விடும் என்று மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டீர்கள். வண்டி சரியாக இருந்தது என்றேன். அது உண்மை.

தனகோட்டிக்கு ஜாமீன் கிடைத்தது. ஷெட்டில் கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். முந்தாநாள் அவன் மனைவி திலகவதி என் வீட்டுக்கு வந்தாள்.

"சோறு துன்ன ஒக்காந்தாகூட அந்தக் காலத் தரையில வைக்க மாட்டேன்றாருண்ணே. தூக்கிக்கினே ஒக்காந்திருக்காரு. ராத்திரில கட்டில்ல காலு அழுத்திக்கினே இருக்குது. சாரக் கொன்னுட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்னு. நீங்கதான் கூட இருந்தீங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, அவர் மேல தப்பில்லன்னு."

அவனுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள். அவள் அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். கோர்ட்டில் கொடுத்த காகிதக் கட்டை என்னிடம் நீட்டினாள். அவளுக்குப் படித்தால் புரியவில்லையாம். நான் முழுவதும் படித்தேன். பதினோராம் பக்கத்தில் ஷெட் கூட்டும் சாமியம்மாளின் சாட்சியம் இருந்தது. திலகவதி போன பிறகும் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு மூன்று முறை படித்தேன். ஆமாம், காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. இதோ.

ஆகவே நடந்ததைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹோஸை மாற்றியது நான். அம்பை அழித்தது நான். மணிமாறனை அடியில் போகச் சொன்னது, தாங்கு கம்பியை எடுத்தது, விரலைக் காட்டியது எல்லாம் நான். அவர் இறந்துவிடுவார் என்று தெரிந்தேதான் செய்தேன். கால் மட்டும்தான் தனகோட்டியுடையது. மணிமாறனைக் கொன்றது நான். ஜெயப்பிரகாஷ் சார், இதை ஒரு முறை வாசித்துக்காட்டுங்கள். சரி. அப்படியே இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். இந்தப் பதினோராம் பக்கம், கீழிருந்து ஐந்தாவது வரி. சாமியம்மாள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: 'தனகோட்டி சைமனா மிதிச்சிட்டான்.' நீங்கள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்கூடக் கேட்கவில்லை. ஊர்ப் பேச்சு என்று எழுதிக்கொண்டுவிட்டீர்கள். அதை அடித்துவிட்டுத் தலைகீழாக என்று போட வேண்டும். யோசித்துப் பாருங்கள், பொருளும் பொருந்தவில்லை. வண்டி அன்றைக்கு முழுக்கச் சரியாக இருந்தது. நான் சரிசெய்த பிறகு நடந்ததற்கு அந்தச் சொல்லை எப்படிப் போட முடியும்? இது கோர்ட்டில் உரக்க வாசிக்கப்படும். நீதிபதி அர்த்தம் கேட்பார். தீர்ப்பில் வரும். தீர்ப்பில் வந்தது அழியாது.

முடியாது என்கிறீர்கள். அது அந்த அம்மாள் கொடுத்த சாட்சியம், கை வைக்க முடியாது என்கிறீர்கள். அது மட்டும் இல்லை, நான் சொன்னதும் பதிவானால் அந்தச் சொல் யாரால் வந்தது என்ற விளக்கமும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போகும் என்கிறீர்கள். சரிதான். நான் அதை யோசிக்கவில்லை.

இந்தாருங்கள், ஸ்டேப்ளர். இனி மடங்காது. அழுத்திப் பாருங்கள்.

அந்தத் தாள்களை இப்படிக் கொடுத்துவிடுங்கள், மேடம். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருக்கிறது, ஷெட்டில் ஒரு பம்பு பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. தனகோட்டியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பழகிக்கொள்வான்.